புழுதி கிளப்பாத கீரி

ஒரு காட்டில் ரோடு வருவதற்கு முன்னால் ரேஸ் கார் வந்துவிட்டது.

வரவழைத்தவர் காட்டுத் தலைவர், யானை ஆனையப்பன். பக்கத்துக் காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர் அங்கே கார் பந்தயம் நடப்பதைப் பார்த்துவிட்டார். பந்தயத்தைவிட, ஜெயித்த காட்டின் தலைவருக்கு விழுந்த மாலையைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்று உடன் போனவர்கள் சொன்னார்கள். திரும்பி வந்ததும், நம் காட்டுக்கும் ஒரு ரேஸ் கார் வேண்டும், வருகிற ஏழு காட்டுப் பந்தயத்தில் நாமும் ஓட வேண்டும் என்று அறிவித்தார். ரோடு எப்போது போடுவார்கள் என்று கேட்ட முயலை, நல்ல காரியம் பேசும்போது குறுக்கே பேசாதே என்று உட்கார வைத்தார்கள்.

கார் சிவப்பாக இருந்தது. ஒரே ஒரு ஆள் உட்காரும் கார். பசித்த முதலை மாதிரி தரையோடு ஒட்டிப் படுத்திருந்தது. பூசாரிக் கொக்கு பூஜை போட்டது. முன்பக்கம் விளக்கே இல்லாததால் சந்தனத்தை எங்கே வைப்பது என்று குழம்பி, கடைசியில் நாலு டயருக்கும் வைத்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அதன் மேல் ஏற்றி நசுக்கக்கூட ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. எல்லோரும் சேர்ந்து தள்ளி நசுக்கினார்கள்.

காரோடு நேரம் பார்க்கும் கருவி ஒன்றும் வந்திருந்தது. பளபளவென்று, கயிறு போட்டு. தலைவர் அதைத் தனக்கு வந்த பதக்கம் என்று நினைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கழற்றுங்கள் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. எனவே அந்தக் காட்டில் கார் இருந்தது, எவ்வளவு நேரத்தில் ஓடியது என்று சொல்ல வழி இல்லை.

ஓட்டப்போவது யார் என்ற பேச்சு வந்தபோது, பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கினார்கள். மாஸ்டராக வந்தவர் முள்ளம்பன்றி சுடலைமுத்து. வெளியூரில் பல காலம் கார் ஓட்டிப் பழகியவர், தொழில் தெரிந்தவர்தான். பயிற்சிக்கு ஒரு பழைய ஜீப். ஓட்டுகிறவன் வலது பக்கம், மாஸ்டர் இடது பக்கம். பயிற்சி வண்டிகளில் இருப்பதுபோல மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.

சிக்கல் பிரேக்கில் இல்லை. மாஸ்டரிடம் இருந்தது. வண்டி சடக்கென்று வலது பக்கம் திரும்பினால் ஓட்டுகிறவன் மாஸ்டர் மேல் சாய்வான். இடது பக்கம் திரும்பினால் மாஸ்டர் ஓட்டுகிறவன் மேல் சாய்வார். எப்படிச் சாய்ந்தாலும் முள் ஒருவருக்குத்தான் குத்தும், அது மாஸ்டருக்கு அல்ல.

முதல் வளைவிலேயே மான் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்விட்டது. நரி, சொந்தத்தில் ஒரு துக்கம் என்று சொல்லிவிட்டுப் போனது, வரவில்லை. குரங்கு வகுப்பை விட்டுவிட்டுக் குளக்கரையில் டீக்கடை போட்டது. மிஞ்சியது இரண்டு பேர். ஒருவன் கீரி மாசானம். இன்னொருவன் காட்டுப்பன்றி கொம்பையா.

மாசானத்துக்கு விட்டுவிட்டுப் போக முடியாது. அவன் பரம்பரையே பாம்போடு சண்டை போடுகிற பரம்பரை. சந்தைக்குச் சந்தை வட்டம் போட்டு, கூட்டம் சேர்த்து, பாம்பு முன்னால் துள்ளிக் காட்ட வேண்டும். அவனுடைய அப்பா அந்தத் தொழிலில் ஒரு கண்ணை விட்டார், அண்ணன் உயிரை விட்டான். மாசானம் தன் மனைவி இசக்கியம்மாளிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். கார் ஓட்டும் இடம் கிடைத்தால் பாம்புத் தொழிலுக்கு முழுக்கு. கிடைக்காவிட்டால், அவள் தம்பி வெள்ளைப்பாண்டியோடு அடுத்த சந்தைக்கே கிளம்பிவிட வேண்டும். வெள்ளைப்பாண்டி அதற்கென்று ஒரு நல்லபாம்பைப் பேசியும் வைத்துவிட்டான். கோபக்காரப் பாம்பு, கூட்டம் நன்றாக வரும் என்று அக்காவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஆகவே மாசானம் முள்ளைப் பொறுத்துக்கொண்டான். பொறுத்துக்கொண்டதோடு, முள் படாமல் ஓட்டுவது எப்படி என்று யோசித்தான். யோசிக்க யோசிக்க அதுதான் பாடம் என்று தெரிந்தது. வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தொடக் கூடாது. வேகத்தை நேர்ப் பாதையிலேயே குறைத்துவிட வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடுங்கக் கூடாது, தூங்குகிற குழந்தையைப் புரட்டுவதுபோலத் திருப்ப வேண்டும். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். வண்டி நிமிர்ந்த பிறகுதான் ஆக்சிலேட்டரை அழுத்த வேண்டும், அதையும் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அழுத்த வேண்டும். இப்படிப் பழகப் பழக, மாஸ்டர் அந்தப் பக்கமும் சாயவில்லை, மாசானம் இந்தப் பக்கமும் சாயவில்லை. வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனது. ஒரு நாள் மலைப் பாதையின் அத்தனை வளைவையும் முடித்துவிட்டு வண்டியை நிறுத்தியபோது மாஸ்டர், எப்ப கிளம்புறே என்று கேட்டார். அவர் தூங்கியிருந்தார்.

கொம்பையாவுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அவன் தோலில் முள் இறங்கவே இல்லை. வளைவில் மாஸ்டர் மேல் முழு உடம்போடு விழுவான், சிரிப்பான், எழுந்து உட்காருவான். நாலைந்து வகுப்புக்குப் பிறகு மாஸ்டர்தான் அவனைக் கண்டால் பயந்தார். நீ எல்லாம் கத்துக்கிட்டப்பா, இனிமே வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். கொம்பையா அதை அப்படியே நம்பினான். நல்ல பயல். அவனிடம் எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. அவனிடம் எந்த எண்ணமும் கிடையாது.

தேர்வு நாள் வந்தது. இருப்பது ஒரு கார். ஆகவே ஒருவர் பின் ஒருவராகக் குளத்தைச் சுற்றி ஓட்டிக் காட்ட வேண்டும். ஜெயிப்பவருக்கு ஏழு காட்டுப் பந்தயத்தில் இடம். தீர்ப்புச் சொல்ல எருமை நாட்டாமை குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காட்டில் எந்தப் பந்தயமானாலும் தீர்ப்புச் சொல்ல ஒரே வழக்கம்தான். புழுதியைப் பார்ப்பார்கள். தண்ணீரில் உட்கார்ந்த எருமைக்குக் கரையில் ஓடுகிறவனின் கால் தெரியாது, அவன் கிளப்பும் புழுதிதான் தெரியும். எவன் புழுதி பெரிதோ அவன் வேகம் பெரிது. நாட்டாமையின் அப்பாவும் அப்படித்தான் சொன்னார், அவர் தாத்தாவும் அப்படித்தான் சொன்னார். இதுவரை யாரும் தப்பு என்று சொன்னதில்லை. சொன்ன ஒன்றிரண்டு பேரும் தோற்றவர்கள் என்பதால் கணக்கில் வரமாட்டார்கள்.

முதலில் மாசானம். அவன் காரில் உட்கார்ந்தபோது பக்கத்தில் முள் இல்லாததே அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது. அதே நேரத்தில் குரங்குக் கடையிலிருந்து நாட்டாமைக்கு ஒரு டீ வந்தது.

மாசானம் கிளம்பினான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தான், வழுக்கிக்கொண்டு உள்ளே போனான், நிமிர்ந்தான், பறந்தான். டயர் மண்ணைக் கிழிக்கவில்லை, தடவிக்கொண்டு போனது. கரையோரம் மேய்ந்துகொண்டிருந்த கௌதாரி தலையைக்கூடத் தூக்கவில்லை. நாட்டாமை டீயை ஊதி, முதல் வாய் வைத்து, நாக்கைச் சுட்டுக்கொண்டார். அதற்குள் மாசானம் குளத்தைச் சுற்றிவிட்டு வந்து நின்றான்.

கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. ஏன் இன்னும் கிளம்பாமல் நிற்கிறான் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஓட்டி முடித்தாயிற்று என்று தெரிந்ததும், இவ்வளவுதானா என்று கலைந்து வடை வாங்கப் போனார்கள். இசக்கியம்மாள் மட்டும் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள்.

அடுத்து கொம்பையா. சாவி திருகும்போதே கார் அலறியது. நின்ற இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்றியது. பிறகு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதுவே முடிவு செய்ததுபோலக் கிளம்பியது. முதல் வளைவில் ஒரு புற்றைக் காணவில்லை. இரண்டாவது வளைவில் வேலியோடு சேர்ந்து போனான். புழுதி மேகமாக எழுந்து சூரியனை மறைத்தது. கூட்டம் வடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தது. புழுதிக்குள்ளிருந்து கார் வருவதும் மறைவதும் தெரிந்தது, டயர் கத்துவதும், கொம்பையா அதற்கு மேலே கத்துவதும் கேட்டது. தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். நாட்டாமை முதல் டீயை முடித்து, வடை தின்று, இரண்டாவது டீக்குச் சொல்லி, அதையும் குடித்து முடித்தபோது, கொம்பையா கடைசி வளைவைக் கவனிக்காமல் நேராகப் போய் மருதமரத்தில் மோதினான். ஒரு சக்கரம் மட்டும் கழன்று உருண்டு வந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது.

அந்தச் சக்கரத்துக்கு விழுந்த கைதட்டல் காட்டில் அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் விழுந்ததில்லை.

நாட்டாமை அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னார். ஜெயித்தது கொம்பையா. தலைவர், ஒரு காரே தாங்க முடியாத வேகம், நம்ம காட்டுக்குப் பெருமை, புதுக் காருக்கு இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று பேசினார். கொம்பையாவை மரத்திலிருந்து பிரித்து எடுப்பதற்கு முன்பே மாலை போட்டுவிட்டார்கள்.

மாசானம் தண்ணீருக்குள் இறங்கி நாட்டாமையிடம் போனான்.

"ஐயா, நான் வரும்போது உங்க டீ ஆறவே இல்ல. அவன் வர்றதுக்குள்ள ரெண்டாவது டீயும் காலி. அப்ப யாரு வேகம்?"

நாட்டாமை கெட்டவர் இல்லை. பொறுமையாகவே பதில் சொன்னார். "நீ போனதயும் நான் பாக்கல, வந்ததயும் பாக்கல. புழுதி இருந்தாத்தானப்பா கண்ணு போவும்? அவனப் பாரு, என்ன பாடுபட்டான். உனக்கு வேர்க்கவே இல்லையே. அடுத்த தடவ கொஞ்சம் சிரமப்பட்டு ஓட்டு."

மாசானம் மாஸ்டரைத் தேடினான். ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும். சுடலைமுத்து மாஸ்டர் மருதமரத்தடியில் நின்று, கொம்பையா என்னிடம் படித்தவன், முதல் நாளே எனக்குத் தெரியும் என்று காக்கைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாசானத்தைப் பார்த்ததும் முதுகைத் திருப்பினார். முள்ளம்பன்றி முதுகைத் திருப்பினால் அதற்கு மேல் பேச எதுவும் இல்லை.

வெள்ளைப்பாண்டி பக்கத்தில் வந்து, மச்சான், பாம்பு காத்துக்கிட்டு இருக்கு என்று மெதுவாகச் சொன்னான். இசக்கியம்மாள் மூட்டையைக் கட்டுவதற்காக எழுந்தாள்.

அப்போதுதான் கொம்பையாவை மரத்திலிருந்து கழற்றி எடுத்தார்கள். இரண்டு விலா எலும்பு போயிருந்தது. ஒரு தந்தம் மரத்திலேயே தங்கிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கரடி டாக்டரிடம் உடனே கொண்டுபோக வேண்டும், அதுவும் உடம்பு குலுங்கக் கூடாது, குலுங்கினால் விலா உள்ளே குத்திவிடும் என்றார்கள். இருக்கிற வண்டி பயிற்சி ஜீப்தான். வழியோ மலைப் பாதை. முழுவதும் வளைவு.

யார் ஓட்டுவது என்று தலைவர் கேட்டார். ஒருவரும் யோசிக்கவில்லை. மான் சொன்னது, நரி சொன்னது, வடை வாங்கப் போனவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நாட்டாமை குளத்திலிருந்து எழுந்தே நின்று சொன்னார். "மாசானத்தக் கூப்பிடுங்க. அவன விட்டா யாரு இருக்கா? அவன் ஓட்டுனா தூசி எழும்பாது, அலுங்காது, சீக்கிரமும் போயிருவான்."

மாசானம் அவரை ஒரு நிமிடம் பார்த்தான். கேட்க வேண்டியது நிறைய இருந்தது. ஆனால் கொம்பையா முனகிக்கொண்டிருந்தான்.

ஜீப் கிளம்பியது. கழுத்தில் மாலையோடு கொம்பையா பின்னால் படுத்திருந்தான். மலைப் பாதையில் அன்றைக்கு மாசானம் போன வேகத்தை எந்தக் காட்டிலும் எந்தக் காரும் போயிருக்காது. பார்க்க ஆளில்லை. பார்த்திருந்தாலும் புழுதி இல்லை. அடிபட்டவனை ஜீப்பில் கொண்டுபோகும் அந்த வேலை அவனுக்கு நிரந்தரமாகவும் ஆகிவிட்டது. ஏழு காட்டுப் பந்தயத்திலும், அதற்குப் பிறகு வந்த பந்தயங்களிலும், கொம்பையா முன்னால் போவான், மாசானம் ஜீப்போடு காத்திருப்பான். பாம்பிடமிருந்து தப்பியாயிற்று என்று இசக்கியம்மாளுக்கு நிம்மதி. மாசானத்துக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த முதல் நாள் பாதி மலை ஏறியபோது, பின்னால் படுத்திருந்த கொம்பையா கண்ணைத் திறந்தான். மரங்கள் பின்னால் ஓடுவது அவனுக்குத் தெரியவில்லை, படுத்திருந்ததால் வானம்தான் தெரிந்தது.

"மாசானம், வண்டி நிக்குதா, போவுதா?"

"போவுதுண்ணே."

கொம்பையா கழுத்து மாலையைத் தடவிக்கொண்டான். பிறகு ரொம்பவும் அக்கறையாக, ஒரு பெரிய ஓட்டுநர் சின்ன ஓட்டுநரிடம் பேசுவதுபோலச் சொன்னான்.

"இப்பிடி ஓட்டுனா நீ எப்பப்பா முன்னுக்கு வர்றது?"

நீதி: அலுங்காமல் வேலை பார்க்கிறவனிடம் ஊரார் உயிரை ஒப்படைப்பார்கள், மாலையை ஒப்படைக்க மாட்டார்கள். ஆகவே வாழ்க்கையில் முன்னேற விரும்புகிறவர்கள், வளைவு வரும்போது நல்ல மரமாகப் பார்த்து மோதவும்.