மூன்று இறாத்தல் பழைய பாண்

எனக்குத் தேத்தண்ணீர் போடத் தெரியும். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு எட்டுப் பேருக்குக் காலைச் சாப்பாடு செய்யப் புறப்பட்டவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

போன ஆவணி விடுமுறைக்கு என் மனைவி சுமதியின் தங்கை வசந்தி, கணவன் பிள்ளைகளோடு கனடாவிலிருந்து உரும்பிராய்க்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு வருகிறாள். நிற்பது நாலே நாள். முதல் மூன்று காலையும் சுமதி குசினிக்குள் இடியப்ப உரலோடு மல்லுக்கட்டினாள். இவள் வேலை முடித்து வெளியே வந்தால், தங்கை யாராவது சொந்தக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டிருப்பாள். அக்காவும் தங்கையும் ஆறுதலாக இருந்து கதைக்கவே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. (கொஞ்சம் பெயர் எடுக்கிற ஆசையும் இருந்தது.)

“நாளைக்கு நீ குசினிப் பக்கம் வரப்படாது. காலமைச் சாப்பாடு என்ரை பொறுப்பு,” என்றேன்.

“நீங்களோ?” என்றாள் சுமதி. அந்த ‘ளோ’வில் பதினாறு வருடக் குடும்ப வாழ்க்கை இருந்தது.

செய்முறையை யூடியூப்பில் பார்த்து வைத்திருந்தேன். பழைய பாணைப் பிய்த்து, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, முதல் நாளே பிரிஜ்ஜில் ஊறவைக்க வேண்டும். விடிந்ததும் வெங்காயம், மிளகாய் தூவி அவனில் வைத்தால் (அடுப்பைச் சொல்கிறேன், ஆளை அல்ல) முக்கால் மணித்தியாலத்தில் சாப்பாடு தயார்.

பேக்கரியில் போய் மூன்று இறாத்தல் பழைய பாண் கேட்டேன்.

“எத்தினை மாடு, அண்ணை?” என்றார் கடைக்காரர்.

எங்கள் பக்கத்தில் பழைய பாணை மாட்டுக்குத்தான் வாங்குவார்கள். அந்தக் கேள்வியிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் பெரிய சமையல்காரன் மாதிரிச் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டிலிருந்த தட்டு எதுவும் கொள்ளாததால், ஒரு அலுமினியப் பேசினில் எல்லாவற்றையும் ஊறவைத்துப் பிரிஜ்ஜுக்குள் தள்ளினேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் பேசினைக் காணவில்லை. அது கழுவிக் கவிழ்த்தபடி கிணற்றடியில் கிடந்தது. மாமி பால் செம்போடு வந்தார். (சுமதியின் அம்மா. எங்களோடுதான் இருக்கிறார், வீட்டு மாடும் அவர் பொறுப்பு. கடும் சைவம். வெள்ளிக்கிழமையில் முட்டை என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்கமாட்டார். அன்று வெள்ளிக்கிழமை.)

“தம்பி, மாட்டிலை உங்களுக்கு இவ்வளவு கரிசனை எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு,” என்றார். “பாணை ஊறவைச்சு, பழுதாப் போகாமல் பிரிஜ்ஜுக்கையும் வைச்சிருக்கிறியள். அது ஒரு சொட்டு மிச்சம் விடேல்லை.”

பதினாறு வருடத்தில் மாமி என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“மாமி, அதுக்குள்ளை ஒண்டரை டசின் முட்டை,” என்றேன்.

மாமி செம்பைக் கீழே வைத்தார். “மாட்டுக்கோ? வெள்ளிக்கிழமையிலையோ?”

மாட்டின் வாயைக் கழுவி, நெற்றியில் திருநீறு பூசி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார். எனக்குத் தெளிக்கவில்லை, என்னை எப்போதோ தண்ணீர் தெளித்து விட்டிருந்தார். ஒரு கிழமை அந்த மாட்டின் பால் அவருடைய தேத்தண்ணீருக்குள் போகவில்லை.

சுமதி வந்தாள், கேட்டாள், கொண்டையை முடிந்துகொண்டு உரலை எடுத்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே காலையையும் கெடுத்துவிட்டேனே என்று சரியான வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் வசந்தி எழும்பி வந்தாள். நடந்ததைக் கேட்டவள் சிரித்துச் சிரித்துக் குசினி நிலத்திலேயே இருந்துவிட்டாள். அன்றைக்கு எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகவில்லை. இடியப்பம் முடிந்த பிறகும் அக்காவும் தங்கையும் குசினிக்குள் இருந்து மத்தியானம் வரை கதைத்தார்கள். கதை முழுக்க என்னைப் பற்றித்தான்.

இப்போது கனடாவிலிருந்து போன் வந்தால், சுமதி வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போடுகிறாள்.

“அக்கா, நாங்கள் வாற ஆவணிக்கும் வாறம். அத்தானிட்டைச் சொல்லு, இந்த முறை எங்களுக்கும் கொஞ்சம் ஊறவைக்கச் சொல்லி.”