அம்மா பொறுக்கி எடுத்த தொண்ணூற்றாறு தாள்கள்

"பொம்ம நடக்கறதுக்கு நீ எதுக்குக் கண்ணு மெனக்கெடோணும்? சாவி குடுத்தா அதும்பாட்டுக்கு நடக்குது," என்றார் எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்.

நான் பட்டம் வாங்கிய கையோடு, அனிமேஷன் படம் போடப் போகிறேன் என்று அறிவித்த அன்று அவர் சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். (எனக்கு முன்னால் எல்லாரும் கட்டைவிரல்தான்.) அந்தப் பெருமை அப்போது தலைக்கு மேல் இன்னொரு தலை மாதிரி முளைத்திருந்தது. "உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க," என்று சொல்லிவிட்டு நடந்தேன். எனக்கே அரைகுறையாகத்தான் புரிந்திருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்து டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமை கார்ட்டூன் பார்த்துப் பிடித்த பைத்தியம் அது. சேலத்தில் கல்லூரி படித்தபோது, பழைய புத்தகக் கடையில் கிடைத்த அட்டையில்லாத ஒரு புத்தகம் மீதியைச் சொல்லிக் கொடுத்தது. ஒரு வினாடிக்குப் பன்னிரண்டு படம் வேண்டும். ஒவ்வொன்றும் முந்தியதிலிருந்து நூலளவு மாற வேண்டும். எங்கள் ஊர் மாரமங்கலம் போகும் பஸ்ஸில் ஏறினால் எதிர் இருக்கையில் இருப்பவரை வரைந்துவிடுவேன். சேர்வராயன் கோயில் திருவிழாவில் ஒரு பெரியவர் கொட்டாவி விடுவதை ஏழு படமாக வரைந்தேன். அவர் மகள் பார்த்துவிட்டு, "எங்கப்பாவ எதுக்குங்க இத்தன தடவ வாயத் தொறக்க வெக்கறீங்க?" என்று கேட்டாள்.

அந்த வருடம் சேலத்தில் அனிமேஷன் கலைஞர்களின் மாநாடு ஒன்று நடக்கப் போவதாகப் பேப்பரில் பார்த்தேன். புதியவர்கள் தாளில் படம் வரைந்து கொண்டு போகலாம். காலையில் கேமரா வைத்து ஒவ்வொரு தாளாகப் பிடிப்பார்கள்; மத்தியானம் டி.வி.யில் ஓட்டிக் காட்டுவார்கள். நன்றாக இருக்கும் இரண்டு பேரைச் சென்னை ஸ்டுடியோவில் பயிற்சிக்கு எடுப்பார்கள்.

அப்பா மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "எடுத்துக்கிட்டாங்கன்னா மெட்ராஸ் போ. இல்லீன்னா டீச்சர் டிரெய்னிங். அதுக்கு மேல பேச்சில்ல."

என் படத்தின் கதை மிகச் சின்னது. ஒரு பெண் விறகுச் சுமையோடு மேட்டில் ஏறுகிறாள். தும்முகிறாள். சுமை உருண்டு விழுகிறது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு நடக்கிறாள். தலைத்துணி, மூக்குத்தி, நடக்கும்போது இடது தோள் கொஞ்சம் சாய்வது எல்லாம் அப்படியே என் அம்மா. அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வரையவில்லை. (கேட்டிருந்தால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றிருப்பாள்.)

இருபது வினாடிக்கு இருநூற்று நாற்பது தாள். ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து வரைந்தேன். மூன்று மணிக்குப் பனி இறங்கினால் ஜன்னல் வெள்ளையாகிவிடும். அன்றைய வேலை முடிந்தது. இப்படி நான்கு மாதம். தாள்களுக்கு எண் போட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. நான் போடவில்லை. பெற்ற பிள்ளைக்கு யாராவது நம்பர் போடுவார்களா என்பது என் எண்ணம்.

மாநாட்டுக்கு முதல் நாள் ஜாக்கெட் வாங்கி வர ஏற்காட்டுத் தையல்கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா தாள்களைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். கட்டு கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது. அம்மா எதைக் கட்டினாலும் இறுக்கித்தான் கட்டுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மாவும் துணைக்கு வந்தாள். மண்டபத்தில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் சென்னையிலிருந்து வந்த கலைஞர்; நரைத்த தாடி, மூக்கின் நுனியில் கண்ணாடி. கட்டை வாங்கிக்கொண்டு, "நம்பர் இல்லையேம்மா?" என்றார்.

"வரிசை மாறாதுங்க சார். நானே கட்டுனது," என்று கூசாமல் சொன்னேன்.

மூன்று மணிக்குப் படங்கள் ஓடத் தொடங்கின. ஒருவருடைய பந்து குதித்தது. ஒருவருடைய பூனை பாலைக் குடித்தது. பிறகு "மாரமங்கலம் பூங்கொடி" என்று கூப்பிட்டார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

திரையில் என் அம்மா வந்தாள். ஆனால் நடக்கவில்லை. இரண்டு காலும் தரையில் ஊன்றியபடி, தரையோடு ஒரு இழுப்பு. நிறுத்தம். மறுபடி ஒரு இழுப்பு. கண் இமைக்கவே இல்லை. தும்மல் வர வேண்டிய இடத்தில் புன்னகையோடு நின்றாள், அடுத்த நொடி சுமை தரையில் கிடந்தது, அதே புன்னகை. அதற்கடுத்த நொடி சுமை மறுபடி தலையில். யாரோ மந்திரம் போட்ட மாதிரி. இருபது வினாடிப் படம் பன்னிரண்டே வினாடியில் முடிந்தது. மண்டபம் சிரித்த சிரிப்பு மட்டும் ஒரு நிமிடத்துக்குக் குறையாது.

இங்கே ஒரு புத்திசாலிப் பெண் வாயை மூடிக்கொண்டிருப்பாள். நான் எழுந்தேன். "சார், கேமராவுல கோளாறுங்க. தாள விட்டுவிட்டுப் புடிச்சிருக்கீங்க," என்றேன். இருபது வருடமாக அந்தத் தொழிலில் இருப்பவரைப் பார்த்து, நூறு பேருக்கு முன்னால்.

அவர் கோபப்படவில்லை. கட்டை எடுத்து மேசையில் வைத்து எண்ணத் தொடங்கினார். மண்டபமும் கூடச் சேர்ந்து மனசுக்குள் எண்ணியது. நூற்று நாற்பத்து நான்கு.

"இருநூத்தி நாப்பது வரைஞ்சேங்க," என்றேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அதுங்களா சாமி, அத நாந்தானுங்க பொறுக்கி எடுத்தேன்."

அம்மாவின் வேலையை இங்கே சொல்லிவிட வேண்டும். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்குகிறவள் அவள். குவியலைப் பரப்பி, கறுத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் விரல் நுனியில் ஒதுக்குவாள். பதினெட்டு வருடமாக அவள் பொறுக்கிய மூட்டையைத் திருப்பி அனுப்பியவர் யாருமில்லை. மகளின் நான்கு மாத உழைப்பைப் பெரிய மனிதர்கள் பார்க்கப் போகிறார்கள் என்றதும், நான் தையல்கடைக்குப் போன நேரத்தில் தாள்களைத் தரையில் பரப்பி உட்கார்ந்துவிட்டாள்.

பையோடு முன்னால் வந்தாள். சாப்பாட்டுத் தூக்குக்கு அடியிலிருந்து துண்டில் சுற்றிய இன்னொரு கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "கறுப்புக் கொட்டையவே தனிச்சாக்குல கட்டி வெக்கறமுங்க. புள்ள போட்டத வீசிப்புடுவனா?"

தாடிக்காரர் பிரித்துப் பார்த்தார். பாதி மூடிய கண்கள். அந்தரத்தில் தொங்கும் ஒற்றைக் கால். மூக்கு விரிந்து, வாய் ஒரு பக்கம் போன, தும்மலின் பதினான்கு முகங்கள்.

"இதெல்லாம் எதுக்கும்மா எடுத்தீங்க?"

"பாருங்க சாமி, எல்லாம் ரெண்டுங்கெட்டான். காலு கீழயும் இல்ல, மேலயும் இல்ல. கண்ணு தொறந்தும் இல்ல, மூடியும் இல்ல. அப்பறம்..." அம்மா குரலைத் தாழ்த்தினாள். மைக் பக்கத்தில் இருந்தது அவளுக்குத் தெரியாது. "அது நானுங்க. நாலு பேரு பாக்கற எடத்துல எம்மூஞ்சி இப்பிடிக் கோணிக்கிட்டா இருக்கோணும்?"

மறுபடி சிரிப்பு. ஆனால் இந்த முறை வேறு மாதிரிச் சிரிப்பு, அம்மாவும் சேர்ந்துகொண்டாள். நான் மட்டும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் இரண்டு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "படம் நடக்கறதே இந்த ரெண்டுங்கெட்டானுங்களாலதாம்மா. ஆனா ஒண்ணு, அந்தத் தும்மலத் தவிர முக்கியமான படம் ஒண்ணுல கூட நீங்க கை வைக்கல. எங்க ஸ்டுடியோவுல புதுசா வர்ற பசங்களுக்கு எது முக்கியம், எது நடுவுல வர்றதுன்னு பிரிக்கவே ஆறு மாசம் ஆவும். உங்க பொண்ண எடுக்கறதா உங்கள எடுக்கறதான்னு தெரியல."

இரண்டு பேரையும் எடுக்கவில்லை. மறுபடி கேமரா வைக்க நேரமில்லை. பந்தும் பூனையும் சென்னைக்குப் போயின. "நம்பர் போட்டு, முழுசா, தபால்ல அனுப்புங்க," என்று ஒரு முகவரியை எழுதிக் கொடுத்தார்.

குப்பனூர் வழியாக வரும் பஸ்ஸில் ஏறினோம். மலைப்பாதை தொடங்கியதும், "ஏங் கண்ணு, அந்தத் தும்மல நாம் பாக்கவே இல்லியே," என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. நான்கு மாதத்தில் தாள்களை விரலால் தள்ளி அந்தப் படம் ஓடுவதை ஒரு தடவைகூட அவளுக்குக் காட்டவில்லை. படிக்காதவளுக்கு என்ன புரியும் என்று நினைத்திருக்க வேண்டும். அதை நினைத்தால் மண்டபத்தில் பட்ட அவமானம் ஒன்றுமே இல்லை.

மடியில் வைத்து இரண்டு கட்டையும் பிரித்தேன். எந்தத் தாள் எதற்குப் பின்னால் என்று எனக்குத் தடுமாறிய இடத்திலெல்லாம் அம்மாவின் விரல் தயங்காமல் சேர்த்தது. தும்மல் இருந்த பங்கை மட்டும் ஓரத்தில் பிடித்து, கட்டைவிரலால் விர்ரென்று தள்ளினேன். தாளில் அம்மாவின் மூக்கு விரிந்தது, முகம் கோணியது, சுமை உருண்டது.

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அய்யோ, நொம்பக் கோணுது கண்ணு. இன்னொருக்கா ஓட்டு." ஊர் வருவதற்குள் பத்துத் தடவை ஓட்டியிருப்பேன். பின் இருக்கைக்காரரும் எட்டிப் பார்த்து, "அம்மணி, சளிக்கு மருந்து வாங்கிக் குடுங்க," என்றார்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் கல்யாண ஆல்பம் வந்தால் முதலில் அம்மாவிடம்தான் நீட்டுவார்கள். "அக்கா, கண்ணு மூடுனதெல்லாம் பொறுக்கிக் குடுத்துருங்க, இல்லீன்னா மாப்பள நடந்துருவாரு," என்பார்கள். அம்மா சளைக்காமல் பொறுக்கிக் கொடுப்பாள். தன் படம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் இப்போதெல்லாம் எடுப்பதில்லை.

அப்பா சொன்னபடியே டீச்சர் டிரெய்னிங் முடித்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளியில் இரண்டு வருடம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக ஒரு படம் வரைந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு தாள், எல்லாவற்றிலும் எண். போன மாதம் தாடிக்காரர் கொடுத்த முகவரிக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வந்தது. வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அப்பா கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "உங்கம்மா என்ன சொல்றா?" என்றார்.

"நானும் ஒரு மாசம் கூடப் போறனுங்க. ஊடு பாத்து வெச்சுட்டு வர்றேன்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியரிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். சனிக்கிழமை சேலம் ஜங்ஷனில் இரண்டு டிக்கெட் எடுத்தேன். இதை ரயிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுத்து ஆடியிருந்தால் மன்னிக்கவும். ஜன்னலோர இருக்கை என்னுடையது என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறது. அம்மா அதில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை; ஜோலார்பேட்டை தாண்டிவிட்டது.