குளுக் சார் வீட்டுத் தேன்மது

புனே முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், வீட்டிலேயே மது தயாரித்து அதில் ஒரு சொட்டைக்கூட வாயில் வைக்காத மனிதர் குளுக் சார் ஒருவர்தான் கிடைப்பார்.

போசரியில் நான் குடியிருந்த கட்டடத்தில் எனக்கு எதிர்வீடு. வேலூர்ப் பக்கத்துக்காரர். பக்கத்துத் தொழிற்சாலையில் உதிரி பாகங்களை அளந்து பார்த்துத் தேறும், தேறாது என்று சொல்லும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை பார்த்தவர்கள் மகாபலேஷ்வர் தேன் ஒரு பெரிய டின் வாங்கிக் கொடுத்தார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தும் கொடுத்தார்கள்.

தேனை வீணாக்க மனசு வரவில்லை. செல்போனில் ஏதோ வீடியோ பார்த்து, தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட்டும் உலர்திராட்சையும் போட்டு, பெரிய கண்ணாடி ஜாடியில் மூடி வைத்தார். காற்று வெளியேற மூடியில் தண்ணீர் ஊற்றிய சின்னக் குழாய் ஒன்று. உள்ளே தேன் புளிக்கப் புளிக்க, குழாயிலிருந்து 'குளுக்' என்று சத்தம் வரும். பெயர்க்காரணம் அதுதான்.

அவருக்கு மது வேண்டாம், சத்தம்தான் வேண்டும். டின் தீர்ந்ததும் தானே தேன் வாங்கி, ஜாடிமேல் ஜாடியாகப் போட்டுக்கொண்டே இருந்தார். வீட்டு ஓனர் என்னைக் காலி செய்யச் சொன்ன சோகத்தை நான் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருப்பேன். நடுவில் விரலைத் தூக்குவார்.

"இருங்க சார்."

இருப்பேன். குளுக்.

"கேட்டீங்களா? ஊட்ல யாரோ கீற மாதிரி இல்ல?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வீட்டில் யாரோ இருக்கத்தான் செய்தார்கள். வாஷர் என்று ஒரு தெருநாய். "நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல கம்முனு கெடக்கும், எடுத்துட்டா எல்லாம் ஆடிப்பூடும்" என்று பெயருக்கு விளக்கம் சொல்வார். வாஷர் ஜாடிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குளுக்குக்கும் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கும். கச்சேரி கேட்கிறவர்கள்கூட அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

தயாரான சரக்கைப் பாட்டிலில் அடைத்து வீட்டுக்கு வீடு கொடுப்பார். இருமல் மருந்தில் பேட்டரியை ஊறவைத்த மாதிரி ருசி. எல்லோரும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். என் பங்கு முழுவதையும் குடித்தது பால்கனி மணிபிளான்ட். அதற்கப்புறம் அது நேராக வளரவேயில்லை.

ஒருமுறை மூடி தெறித்து, கீழ்வீட்டில் சத்யநாராயண பூஜை நடக்கும்போது பால்கனி வழியாக நுரை இறங்கியது. கீழ்வீட்டு மராத்தி அம்மா மூச்சு வாங்க மேலே வந்து, இதென்ன என்று கேட்டார்: "ஹே காய் ஆஹே, காகா?" இவர் அசரவில்லை. சுத்தமான தேன்தான் என்று மராத்தியிலேயே பதில் சொன்னார்: "மத் ஆஹே, தாயி. ஏக்தம் சுத்த மத்."

இத்தனை கூத்திலும் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். வாஷருக்கு ஒரு சொட்டு கொடுத்ததில்லை. ஆனால் வடிகட்டியபின் ஜாடியடியில் தங்கிய திராட்சை விஷயத்தில் ஏமாந்துபோனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதை எடுத்து வாஷரின் தட்டில் போட்டார்.

"தேன்ல ஊறுனது சார். கொயந்தைக்கே குடுக்கலாம்."

நானும் தலையாட்டினேன். படித்தவன் தலையாட்டியதில் அவருக்கு இன்னும் தெம்பு. கொஞ்ச நேரத்தில் வாஷரின் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. சுவரில் முட்டியது. நாங்கள் சிரித்தோம். பிறகு வாந்தி எடுத்து, அப்படியே படுத்துவிட்டது. இன்னொரு ஜாடி குளுக் என்றது. வாஷர் தலையைச் சாய்க்கவில்லை.

"வாஷர், கேளுடா" என்றார். இன்னொரு குளுக். அது அசையவில்லை. அதை வாரித் தூக்கினார்.

ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா சின்ன வயசுக்காரர், ஒளிவுமறைவில்லாமல் பேசினார். தேனில் செய்தாலும் மது மதுதான், நாய்க்கு ஒரு ஸ்பூன்கூட ஆகாது. திராட்சை அதைவிட மோசம், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். சில நாள் டிரிப்ஸ் ஏற்றிப் பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியும்.

குளுக் சார் வாஷரின் கழுத்துப்பட்டையைக் கையில் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆயுசுக்கும் உதிரி பாகங்களைச் சோதித்தவர், ஒரு திராட்சையைச் சோதிக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"இதுவும் பூட்டா நான் யாராண்ட சார் பேசறது?"

 பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வாஷர் பிழைத்தது. அது வீடு திரும்புவதற்குள் குளுக் சார் எல்லா ஜாடிகளையும் சிங்க்கில் கவிழ்த்துவிட்டார். எங்கள் கட்டடக் குழாய்கள் அன்றைக்குக் குடித்த மாதிரி வேறு எவரும் குடித்திருக்க முடியாது. வந்த நாய் நேரே ஜாடி இருந்த மூலைக்குப் போய் உட்கார்ந்தது. காத்திருந்தது. வீட்டில் மின்விசிறி சத்தம் மட்டும்தான்.

அவர் அதைப் பார்த்தார். பக்கத்தில் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வாயாலேயே "குளுக்" என்றார்.

வாஷர் தலையைச் சாய்த்தது.

இப்போது நான் புனேயின் இன்னொரு மூலையான ஹிஞ்சேவாடியில், அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே, பெரிய கட்டடம் ஒன்றில் இருக்கிறேன். எதிர்வீட்டில் யாரென்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குளுக் சார் போன் செய்வார். இருவருக்கும் அதிகம் விஷயம் இருக்காது. வாஷர் சாப்பிட்டதா, மணிபிளான்ட் நிமிர்ந்ததா என்று விசாரித்து முடித்ததும் பேச்சு நின்றுவிடும். ஆனால் போனை வைக்க மாட்டார்.

"இருங்க சார்" என்பார். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரலில் ஒரு குளுக்.

இந்த ஊரில் எனக்கும் வேறு ஆளில்லை. போனைக் காதில் வைத்தபடி நானும் தலையைச் சாய்க்கிறேன்.