வாயை மூடக் கற்றுக்கொண்டவன் மச்சானுக்கு எழுதுவது

செம்பூர், மும்பை,
ஞாயிறு, பூசை முடிந்து

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை அன்னமேரியின் கணவன் மரியஅந்தோணி பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை, முறைக்காக எழுதிவிட்டேன். அங்கே தாங்கள், அக்கா, சினைப்பசு, ஐந்து வாரமாகத் தங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி ஆகியோரின் நலமறிய ஆவல். கடைசியில் சொன்னவளின் நலத்தை முதலில் எழுதவும்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் மூன்றாவது வாக்கியத்தைத் தொட்டதும் உங்கள் வீட்டில் கிணற்று மோட்டாரை நிறுத்தப் போக வேண்டியதாகிவிடுகிறது. வடக்கன்குளத்தில் கரண்ட் இல்லாத நாளில்கூட அந்த மோட்டார் ஓடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.

அன்னமேரி உங்களிடம் “சும்மா பத்து நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்று சொல்லியிருப்பாள். சும்மா இல்லை மச்சான். எங்கள் கோயில் ஆட்கள் கூடிய ஒரு விருந்தில், கல்யாணமான புதிதில் நாங்கள் தேவ்நாரில் எடுத்த முதல் வீட்டைப் பற்றி அவள் சொல்லத் தொடங்கினாள். “அன்னைக்குப் பாருங்க, மழை…” என்றாள். அவ்வளவுதான், மழையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, கட்டில் மிதந்தது, வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து வாடகை கேட்க வந்தது, எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். சபை சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரை ஏறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து கம்மலைக் கழற்றிக்கொண்டே அன்னமேரி ஆரம்பித்தாள்: “இருவத்தெட்டு வருசத்துல நான் ஆரம்பிச்ச ஒரு பேச்சையாவது…”

“முடிக்க விட்டிருக்கேனான்னுதானே கேக்க?” என்றேன்.

மறுநாள் பெட்டி கட்டினாள். அப்போதும் நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். என்னவென்று எழுதத் தைரியமில்லை.

முதல் வாரம் ஜாலியாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் வீட்டில் ஒரு விஷயம் கவனித்தேன்: நல்ல நகைச்சுவை தோன்றினால் சொல்ல ஆள் இல்லை. ஒரு நாள் சமையலறையில் நின்று குக்கரிடம் ஆபீஸ் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை முக்கியமான கட்டத்துக்கு வந்தபோது அது விசில் அடித்துவிட்டது. பேச்சை நடுவில் வெட்டினால் எப்படி வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. புனேயில் இருக்கும் மகள் ஜாக்குலினுக்குப் போன் போட்டு இதை ஒரு சிரிப்பாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “அப்பா, அம்மா திரும்பி வரணும்னா நீங்க அடுத்தவங்க பேசறதைக் கேக்கக் கத்துக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள்.

கற்றுக்கொள்ளாமல் விடுவேனா? செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு செருப்புக் கடையின் மாடியில் பேச்சுத்திறன் வகுப்பு நடக்கிறது. சேர்ந்துவிட்டேன். வேலைக்கான நேர்காணலுக்குப் போகிற பிள்ளைகள் இருபது பேர், பேசுவதற்குக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். நடுவில் நான் ஒருவன், பேசாமல் இருப்பதற்கு. வாத்தியார் கௌசிக் என்று மாட்டுங்காப் பையன். என் மகளைவிட இரண்டு வயது சின்னவன். எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டும், தலையாட்ட வேண்டும், அவர் முடித்த பிறகும் மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். எனக்கு இதில் ஏழெட்டு சந்தேகம் வந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். “அங்கிள், ப்ளீஸ், நான் பாதிதான் சொல்லியிருக்கேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

தினமும் முன்பின் தெரியாத நாலு பேரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலை முழுதாகக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். நான் வடாலாவுக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவன். ரயிலில் ஒருவரைப் பார்த்து “சௌக்கியமா?” என்று கேட்டால் உடனே பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். சந்தேகப்படாமல் பதில் வரும் கேள்வி இந்த ஊர் ரயிலில் ஒன்றே ஒன்றுதான்: “கிதர் உத்ரேகா?” எங்கே இறங்குவீர்கள் என்று அர்த்தம். ஆனால் அது விசாரிப்பு இல்லை மச்சான். உட்கார்ந்திருப்பவரிடம் நின்றுகொண்டிருப்பவர் அப்படிக் கேட்டால், நீ எழுந்ததும் அந்த இடம் எனக்கு என்று துண்டு போடுவது. தெரிந்தும் கேட்டேன், அதுவும் நாலு பேரிடம். நாலு பேரும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். நானும் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினேன்.

குர்லாவில் முதல் ஆள் எழுந்தார். ஷாகிர் என்று, தாராவியில் தையல் பட்டறை வைத்திருக்கும் நம் பக்கத்துக்காரர். என் இந்தியைக் கேட்டே ஊரைக் கண்டுபிடித்திருக்கிறார்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

“வேண்டாம் பாய். சும்மாதான் கேட்டேன்.”

“சும்மாவா? பம்பாயில எவன்வே சும்மா கேப்பான்? ஒமக்குன்னு சொல்லி ரெண்டு பேரைத் திருப்பி விட்டிருக்கேன். உக்காரும்வே!”

உட்கார்ந்தேன். அடுத்த ஸ்டேஷனில் எதிர் வரிசையில் ஒருவர் எழுந்து என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஜி.டி.பி. நகரில் இன்னும் இரண்டு பேர். “ஏக் ஆத்மி, சார் சீட்?” என்று நின்றவர்கள் கொதித்துவிட்டார்கள். ஒரு மனுஷனுக்கு நாலு இடம் எதற்கு, படுக்கப் போகிறாயா என்று ஒருவர் கேட்டார். விளக்கம் சொல்லலாம் என்றால் ஐந்து எண்ண வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் அடுத்தவர் திட்ட ஆரம்பித்துவிடுகிறார். வடாலாவில் இறங்கவே விடவில்லை. காட்டன் கிரீனில்தான் பிதுங்கி வெளியே விழுந்தேன். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். ஐந்து வாரத்தில் அன்றைக்குத்தான் இத்தனை பேர் என்னோடு பேசியிருந்தார்கள். எல்லாம் வசவுதான். ஆனாலும் மறுநாள் அதே பெட்டியில்தான் ஏறினேன்.

அதோடு விட்டிருக்கலாம். மேல்வீட்டுக் கோகிலவாணி அம்மாவைத் தெரியுமல்லவா, எங்கள் கட்டடத்துச் செய்தி நிலையம்? மாடிப்படியில் பார்த்து, தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேச ஆரம்பித்தார். முகத்தைப் பார்த்தேன், தலையாட்டினேன். மகனுக்குப் பெண் பார்ப்பது, மூன்றாம் மாடிக்காரர் தன் மனைவியோடு பேசாதது என்று முக்கால் மணி நேரம் பேசினார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் அருமையான பதில் இருந்தது, எல்லாவற்றையும் விழுங்கினேன். கடைசியில் “மேரி எப்ப வர்றாங்க?” என்றார். ஐந்து எண்ணினேன். மூன்றாவதில் எண்ணிக்கை தப்பிவிட்டது, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே ஓடினார். அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று கட்டடம் முழுக்கச் சேதி. ஆறு வீட்டு சாம்பார் வந்தது. பங்குச் சாமியார் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார். “இவரு இப்படி அமைதியா இருந்து நாங்க பார்த்ததே இல்ல சாமி” என்று வாசலில் யாரோ விம்மினார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. வீட்டில் அத்தனை பேர் இருந்தார்கள்.

ஆகவே மச்சான், நான் இப்போது முழுதாகத் தேர்ச்சி பெற்றுவிட்டேன். யார் எவ்வளவு பேசினாலும் கேட்பேன். ஒரு சொல் விடாமல் கேட்பேன். அன்னமேரி மழையிலிருந்து ஆரம்பித்து, கட்டில் மிதந்து, வீட்டுக்காரர் வந்து போகிற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று மாதாவின் மேல் சத்தியம். இதை அவளுக்குப் படித்துக் காட்டி, நல்ல நாள் பார்த்து வண்டியேற்றி அனுப்புங்கள்.

அக்காவுக்கு என் மரியாதை. பசு சுகமாகக் கன்று ஈன வேண்டிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோர் மேலும் ஆண்டவர் ஆசீர் இறங்கட்டும்.

இப்படிக்கு, இனி அதிகம் பேசாத,
மரியஅந்தோணி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். இப்போதுதான் அவளே போன் செய்தாள். முப்பத்தெட்டு நிமிஷம் பேசினாள், நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது, “இருக்கீயளா?” என்று அவள் இரண்டாவது தடவை கேட்டபோதுதான் உறைத்தது. ஒரு இடத்தில் சிரித்தாள், ஒரு இடத்தில் அழுதமாதிரி இருந்தது. கடைசியில் “அப்ப நான் சொன்னதுக்கு என்ன சொல்லுதிய?” என்றாள். “சரி” என்றேன். அப்புறம் அவளும் “சரி” என்று வைத்துவிட்டாள்.

மச்சான், அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாள் கழித்து அந்தக் குரல் காதில் விழுந்ததும், குரலைத்தான் கேட்டேன், பேச்சைக் கேட்கவில்லை. திரும்பப் போன் போட்டு விசாரிக்க எனக்கு முகமில்லை. நீங்கள்தான் அவளுக்குத் தெரியாமல் பக்குவமாகக் கேட்டு, நான் சரி சொன்னது அவள் வருவதற்கா, அங்கேயே இருந்துவிடுவதற்கா என்று ஒரு வரி எழுத வேண்டும்.