ஐந்து நட்சத்திரச் சுவர்

“நாளைக்குப் பார்த்தா அடையாளம் தெரியுற மாதிரி உன் மூஞ்சியில என்ன இருக்கு?”

மனித குலம் இதுவரை கேட்ட கேள்விகளில் இதைவிட ஆழமானது இல்லை என்று அடித்துச் சொல்வேன். எங்கள் பதினோரு மாடிக் குடியிருப்பின் நிர்வாகி, நான் வேலைக்குச் சேர்ந்த அன்று இதைக் கேட்டார். கோப்புகளைத் தூசி தட்ட வந்தவள் நான். தூசித் துணியை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனேன்.

ஆறு மாதம் கழித்து ‘உயிர்பெறும் வரவேற்பு’ திட்டம் பிறந்தது. வரவேற்பறையில் மாட்டியிருக்கும் நிர்வாகியின் படத்துக்கு நேரே கைபேசியை நீட்டினால், திரையில் அந்தப் படத்தின்மேல் அவரே சாண் உயரத்துக்கு எழுந்து நின்று பேசுவார். அதற்குக் கைபேசி படத்தை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு பிடிமானமோ அவ்வளவு நட்சத்திரத்தைச் செயலி தரும்; ஐந்து வந்தால் முழு வெற்றி. சுவரில் இருப்பதைக் கைபேசிக்கு அறிமுகம் செய்யப் படமெடுக்கும் பொறுப்பு தற்காலிக ஊழியரான என் அக்காவுக்கு. வெள்ளிக்கிழமை உரிமையாளர் குழு வருவதற்குள் முடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

முதல் படத்துக்கு இரண்டு நட்சத்திரம்.

“சார், கண்ணாடிச் சட்டத்துல உங்களைவிட ட்யூப்லைட்தான் நல்லா தெரியுது,” என்றாள் அக்கா.

கண்ணாடியைக் கழற்றி நேராக நின்று எடுத்தாள். மூன்று. உடனே நிர்வாகி சுருக்கங்களையும் கன்னத்து மச்சத்தையும் நீக்கச் சொல்லி உத்தரவிட்டார். ஒன்று!

“கைபேசி அந்த மச்சத்தைத்தான் சார் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு.”

“மச்சத்தை நம்பியா நான் பதவியில இருக்கேன்?”

அவசரக் கூட்டம் கூடியது. உதவி நிர்வாகி ஓர் ‘அரிய யோசனை’ சொன்னார். “பின்னால கட்டம் போட்ட திரையைத் தொங்க விடலாம் சார். கட்டம் நிறைய, நட்சத்திரமும் நிறைய!”

“எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி இருந்தா அது எதைன்னு பிடிக்கும்?” என்று அக்கா முனகியது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. திரை தொங்கியது. கைபேசி குழம்பிப்போய், குட்டி நிர்வாகியை ஒருமுறை அவர் காதிலிருந்தும் மறுமுறை மூக்கிலிருந்தும் முளைக்க வைத்தது.

“எதையாவது படம் எடும்மா! அஞ்சு நட்சத்திரம் வரணும், மேல நான் நிக்கணும். அவ்வளவுதான்!”

வியாழக்கிழமை மாலை வரவேற்பறையில் அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். “பளபளன்னு இருக்கக் கூடாது, வழவழன்னு இருக்கக் கூடாது, ஒரு மூலை மாதிரி இன்னொரு மூலை இருக்கக் கூடாது. இந்தக் கட்டடத்துல அப்படி என்னடி இருக்கு?”

நான் விரலை நீட்டினேன்.

இடப்பக்கச் சுவரில் ஒரு தாள். ‘லிஃப்ட் ஓடவில்லை. தயவுசெய்து கவனிக்கவும்’. ஒட்டி மூன்று வருடம் ஆகிறது. அதன் கீழே நீல மை, சிவப்பு மை, பென்சில். ஒன்றைப்போல் ஒன்று இல்லாத நாற்பத்தாறு கையெழுத்துகள். ஒரு தேநீர்க் கறை. ஏதோ குழந்தை வரைந்த கோணல் படிக்கட்டு. நிர்வாகியின் அறை தரைத்தளத்தில் இருப்பதால் லிஃப்ட் அவருடைய ‘கவனத்துக்கு’ வந்ததில்லை.

ஃபிளாஷை அணைத்து, நிழல் விழாமல், தாளுக்கு நேர் எதிரே நின்று எடுத்தாள் அக்கா. ஐந்து நட்சத்திரம்!

ஒப்புதல் படிவத்தில் ‘இடம்: இடப்பக்கச் சுவர். தரம்: ஐந்து’ என்று எழுதினாள். ஐந்தைப் பார்த்ததும் நிர்வாகி கையெழுத்திட்டார். படிக்காமலே கையெழுத்திடும் அவர் வேகத்தை நான் என்றும் வியந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை குழுத் தலைவி பதினோராம் மாடியிலிருந்து படியிறங்கி, முழங்காலைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். ஏழு கைபேசிகள் சுவரை நோக்கி நீண்டன. அந்தத் தாளின்மேல் குட்டி நிர்வாகி ஜம்மென்று எழுந்து, கொஞ்சமும் ஆடாமல் அசையாமல் முழங்கினார்: “உங்கள் குறை எதுவானாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்றே தீர்ப்பேன்!”

தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “சார், நீங்க நிக்கிறது என் கையெழுத்து மேல.”

யாரோ சிரித்தார்கள். உதவி நிர்வாகியும் சிரித்துவிட்டு, பிறகு இருமினார்.

“இதை எடுத்தது யாரு?” என்றார் தலைவி.

அக்கா கையை உயர்த்தினாள். “நான்தாம்மா.”

“நீ இங்கயே இரு கண்ணு. மூணு வருஷமா இவர் கண்ணுல படாததை ஒரு போன் பார்த்துடுச்சே! இவளை நிரந்தரமாக்குற ஆர்டரை இன்னைக்கே அடிங்க.”

நிர்வாகியின் பார்வை சுற்றிச் சுற்றி வந்து என்மேல் நின்றது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

குழு வருகிறதென்று வாசலைக் காலியாக்கியதால், அன்று மட்டும் அவர் கார் நிலத்தடித் தளத்தில் நின்றது. விறுவிறுவென்று போய் லிஃப்டின் பொத்தானை அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார். “ஒரு வார்த்தை சொல்லுங்கள்! ஒரு வார்த்தை சொல்லுங்கள்!” என்று அவர் முதுகுக்குப் பின்னால் ஏழு கைபேசிகளிலும் அவரே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.