இட்லித் தட்டும் ஒரு கொடுவாவும்

திரும்பிப் போன அலை வால்டரின் தூண்டில் நூலையும் கூட்டிக்கொண்டு போனது. போகிற நூல் சும்மா போயிருக்கலாம். வலது காலை ஒரு சுற்று, இடது காலை ஒரு சுற்று சுற்றி, இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சும் போட்டுவிட்டது. அடையாற்று முகத்துவாரத்தில், முழங்கால் தண்ணீரில், சாந்தோம் வாசியும் ரிடையர்டு டிராயிங் மாஸ்டருமான வால்டர் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்றார்.

வேறு ஆளாக இருந்தால் கூப்பாடு போட்டிருப்பார். வால்டர் குனிந்து, தண்ணீருக்குள் நூல் போட்டிருந்த வளைவுகளைப் பார்த்து, "அடடா, என்ன அழகு!" என்றார். அதற்கப்புறம்தான் விழுந்தார்.

அந்தத் தூண்டில் மெல்பர்னில் இருக்கும் தம்பி டெரன்ஸ் அனுப்பியது. ஃப்ளை ஃபிஷிங் என்று பெயர். புழு கிடையாது, இறால் கிடையாது. முள்ளில் நாலு இறகைக் கட்டி, நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி வீசி நீளவிட்டு, தண்ணீர்மேல் மெல்ல இறக்க வேண்டும். பிறகு இறகுக்கு உயிர் இருப்பதாகக் காட்ட, நூலைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இழுத்த நூல் காலடியில் விழும். அங்கேதான் அலை காத்திருக்கும்.

ஆனாலும் நூல் காற்றில் நீளும் அந்த நொடி இருக்கிறதே! விடிந்தும் விடியாத வானத்தில் யாரோ ஒரே இழுப்பில் கோடு போடுவது போலிருக்கும். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு வட்டம் போடக் கற்றுக்கொடுத்தவருக்கு, இப்படி ஒரு கோடு தன் கைக்குள்ளேயே இருந்தது தெரியாமல் போயிற்றே என்று ஏக்கமாக இருக்கும். அந்த ஏக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் மீன் எங்கே வரும்? வரவில்லை.

வால்டருக்கு ஒரே ஒரு மீன் போதும். பாதி வரைந்த படங்கள் வீட்டுப் பரண் நிறைய இருக்கின்றன. "ஏதாவது ஒண்ணை முழுசா முடிச்சிருக்கீங்களா?" என்று மனைவி டெல்பின் கேட்காத நாள் கிடையாது. ஒரு மீனைப் பிடித்து, அவள் கையில் கொடுத்து, "இதோ பார், முடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் ஆசை.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அவர் இங்கே நிற்பதே டெல்பினுக்குத் தெரியாது. போன டிசம்பரில் அலை அவரைப் புரட்டிப் போட்டுக் கண்ணாடியைக் கொண்டுபோனது. அன்றைக்கு டெல்பின் அழுத அழுகையில் பயந்துபோய், "இனிமே கடல்ல கால் வைக்க மாட்டேன்" என்று புனித அந்தோணியார் படத்தின் முன்னால் சத்தியம் செய்தார். மீறினால் தூண்டிலை டெரன்ஸுக்கே திருப்பி அனுப்பிவிடுவேன் என்றாள் அவள். சொன்னால் செய்கிறவள்.

வால்டர் சத்தியத்தை மீறவில்லை. இது ஆறு. கடல் இங்கே வந்து வந்து போனால் அது கடலின் தப்பு. நாலு துண்டாகக் கழற்றிய தூண்டிலைக் குடைப் பைக்குள் வைத்து, "காலைப் பூசைக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். திரும்பும்போது கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். பொய் சொல்லக் கூடாதல்லவா?

மணலில் உட்கார்ந்து காலை அவிழ்த்துக்கொண்டே டெரன்ஸுக்குப் போன் போட்டார்.

"இடுப்புல ஒரு கூடை கட்டிக்கணும் அண்ணே. இழுக்கற நூல் அதுக்குள்ள விழுந்துடும். அடியில முளை முளையா இருந்தா சிக்கும் விழாது. இங்க கடையிலயே இருக்கு, அனுப்பட்டுமா?"

"அனுப்பித் தொலைக்காதே! பார்சல் வந்தா அவதான் பிரிப்பா."

மறுநாள் வீட்டில் துணி அலசும் ஊதா டப் வால்டரின் இடுப்பில் ஏறியது. இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு பெல்ட்டைக் கோத்திருந்தார். முதல் மூன்று வீச்சு பிரமாதம். நூல் சமர்த்தாக டப்புக்குள் படுத்துக்கொண்டது. நாலாவதில் ஒரு அலை எட்டிப் பார்த்து டப்பை நிரப்பிவிட்டுப் போனது. டப் கீழே இறங்கியது. பெல்ட்டோடு பேன்ட்டும் இறங்கியது.

கரையில் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. வால்டர் திரும்பிப் பார்த்தார். புதுக் கண்ணாடியையும் கடல் கேட்டுவிடக் கூடாதே என்று அதை ஸ்கூட்டர் பெட்டியிலேயே வைத்துவிட்டு வருவது வழக்கம். அதனால் ஆற்றோரத்துச் சீனிவாசபுரம் வீடுகளெல்லாம் அவருக்கு ஈரம் காயாத வாட்டர்கலர்தான். ஓர் இடத்தில் பச்சைத் தீற்றல், அதற்கு முன்னால் ஒரு ரோஸ் பொட்டு. அந்த ரோஸ் பொட்டு தினமும் அதே இடத்தில் இருக்கும். 'அது இல்லாட்டி படமே நிக்காது' என்று நினைத்தபடி பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

தண்ணீர் வடிய வேண்டுமே! கம்பியைக் காய்ச்சி டப்பின் அடியெல்லாம் ஓட்டை போட்டார். அதோடு அது துணிக்கு ஆகாத டப்பாகிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே ஒளித்துவைத்தார்.

"என்னங்க, டப்பைக் காணோம்" என்றாள் டெல்பின்.

"அப்படியா?"

"வீட்டுக்குள்ள இருந்த டப் எங்க போகும்? மணி, நீ பாத்தியா?"

வீட்டு வேலை செய்யும் மணிமொழி பாத்திரத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. 'ஐயோ, தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று அழுகிறாளே' என்று வால்டர் நினைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நசுங்கிப் பிதுங்கி ஒரு புது டப் வாங்கிவந்து, யாரும் பார்க்காத நேரத்தில் குளியலறையில் வைத்தார்.

காலையில் டெல்பின் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அந்தோணியார்கிட்ட வேண்டிக்கிட்டேங்க. காணாமப் போனது எதுவா இருந்தாலும் கண்டுபிடிச்சுத் தருவாரு. பாருங்க, வந்துடுச்சு."

"நம்ம டப் ஊதா கலர் இல்ல?" வாய் தவறிக் கேட்டுவிட்டார் வால்டர்.

"அவர் சிவப்பாக் குடுத்திருக்காரு. நாம கேள்வி கேக்கலாமா?"

கேட்கக் கூடாதுதான். வால்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்தது முளை. டெரன்ஸ் சொன்ன முளை இல்லாததால் நூல் டப்புக்குள்ளேயே இடியாப்பமாகிக்கொண்டிருந்தது. ஒரு காலை இட்லி தின்றுகொண்டிருந்தபோது வால்டருக்கு ஞானம் பிறந்தது. இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டால் குழியெல்லாம் மேடு! தண்ணீர் வடிய ஓட்டையும் தயார்! டப்பின் அடியில் தட்டைக் கவிழ்த்துக் கம்பியால் கட்டினார். அப்படியே பொருந்தியது.

சிக்கு விழவில்லை. ஆனால் நடக்கும்போதெல்லாம் தட்டு கடகடவென்று அடித்தது. சத்தத்தில் மீன்கள் ஓடிவிட்டன, நாய்கள் வந்துவிட்டன. வாக்கிங் போன ஒருவர் எட்டிப் பார்த்து, "சுண்டல் சூடா இருக்கா?" என்று கேட்டார். மறுநாள் வால்டர் தட்டின்மேல் இட்லித் துணியை இறுக்கிக் கட்டினார். சத்தம் நின்றது. வீட்டில் சத்தம் ஆரம்பித்தது.

"தட்டும் போச்சு, துணியும் போச்சு! அந்தோணியாரே, இது என்ன வீடா சந்தையா?"

மணிமொழியின் தோள் மறுபடி குலுங்கியது. வால்டர் மறுபடி ரங்கநாதன் தெருவுக்கு ஓடினார். தட்டைத் தனியாகத் தர மாட்டோம் என்றார்கள். பளபளவென்று ஒரு இட்லிக் குக்கரையே வாங்கிவந்தார். "தட்டு கேட்டா குக்கரோட குடுக்கறாரே, புண்ணியவான்" என்று டெல்பின் படத்துக்கு மாலை போட்டாள்.

அன்றைக்கும் சாப்பாட்டில் முருங்கைக்காய் சாம்பார். அப்போதுதான் வால்டருக்கு உறைத்தது. இந்த வீட்டில் மீன் வாசம் வந்து எவ்வளவு நாளாயிற்று! கருவாடாவது இல்லாமல் சோறு இறங்காத டெல்பின், தட்டில் கீரையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏன் டெல்பின், மீனே வாங்கறதில்லையா?"

"அந்தோணியாருக்கு நேர்ச்சை. ஒண்ணு கிடைக்கணும்னு வேண்டியிருக்கேன். கிடைக்கிற வரைக்கும் மீன் தொட மாட்டேன்."

"அதான் இட்லித் தட்டு கிடைச்சாச்சே?"

"அது இல்லீங்க. இப்ப பாருங்க, பெரிய மீன் சட்டியையும் காணோம்."

வால்டர் திடுக்கிட்டார். சட்டியை எடுத்தோமா? எடுத்த ஞாபகம் இல்லை. ஆனால் எடுக்காத ஞாபகமும் இல்லை. கூடைக்கு என்று என்னென்னவோ எடுத்தோமே, இதையும் எடுத்து எங்கேயாவது வைத்திருப்போம். சட்டி கிடைக்கத்தான் நேர்ச்சை போலிருக்கிறது, தன்னால் அவள் மீன் இல்லாமல் இளைக்கிறாளே என்று உடனே கிளம்பினார். மயிலாப்பூர் மாட வீதியில் இருந்ததிலேயே அகலமான மண்சட்டியைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். டெல்பின் அதில் அரிசிக் கழனியை ஊற்றிப் பழக்கினாள். ஆனால் மீன் மட்டும் வாங்கவில்லை.

பிறகு அந்தக் காலை வந்தது.

காற்று இல்லை. ஆறும் கடலும் சண்டையில்லாமல் ஒரே வெள்ளித் தகடாகக் கிடந்தன. எது தண்ணீர், எது வானம் என்று வால்டருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. கூடை சத்தம் போடவில்லை. இழுத்த நூல் துணி மூடிய மேடுகளைச் சுற்றிப் பதவிசாகப் படுத்துக்கொண்டது. வீசினார். நூல் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. நாம் நூலை விடுகிறோமா, நூல் நம்மை விடுகிறதா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது கை வெடுக்கென்று இழுபட்டது.

அதற்குப் பிறகு நடந்தது கனவு மாதிரிதான். கூடையிலிருந்து நூல் சிக்கில்லாமல் ஓடியது, திரும்பி வந்தது, மறுபடி ஓடியது. வால்டர் சிரித்தார், அழுதார், மாதாவைக் கூப்பிட்டார். கடைசியில் ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்தபோது, கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீன் அவர் மடியில் கிடந்தது. அதன் கண் பழுத்த பொன்னாக மின்னியது.

"டெல்பின், பார்! முடிச்சிட்டேன்!" என்று ஆற்றைப் பார்த்துச் சொன்னார்.

சொன்ன பிறகுதான், இத்தனை நாளும் தோன்றாத ஒன்று தோன்றியது. இதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது? பூசைக்குப் போனவர் கையில் மீன் எப்படி வந்தது? இன்றைக்கு ஃபாதர் அப்பத்துக்குப் பதில் மீன் கொடுத்தார் என்பதா? சத்தியத்தை மீறினேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மறுபடி அழுவாள். அந்த அழுகையை அவரால் இன்னொரு தடவை பார்க்க முடியாது. கொடுவாவோ வாயைத் திறந்து திறந்து மூடியது.

வால்டர் முள்ளைக் கழற்றினார். மீனைக் கன்னத்தோடு ஒரு தடவை சேர்த்து வைத்துக்கொண்டார். "போயிட்டு வா ராஜா" என்று தண்ணீரில் விட்டுக் கையசைத்தார்.

கரையிலிருந்து "ஐயையோ!" என்று ஒரு அலறல் கேட்டது. பாவம், யாருக்கு என்ன கஷ்டமோ. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பச்சைத் தீற்றல் இருந்தது, ரோஸ் பொட்டைக் காணோம்.

அன்று கோயிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். அடுப்பில் மண்சட்டி காத்திருந்தது. பக்கத்தில் ஊறவைத்த புளி, உரித்த சின்ன வெங்காயம், கீறிய மாங்காய். டெல்பின் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். தட்டினார், திறக்கவில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலியில் அவளுடைய சால்வை கிடந்தது. ஓரமெல்லாம் ஈர மணல். எங்கேயோ பார்த்த ரோஸ்.

மணிமொழி பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா மணி, அவளுக்கு என்ன ஆச்சு?"

மணிமொழி குழாயை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள்.

"ஆத்தோரம் கீற பச்சை வூடு என்னுதுதான் சார்; 'அவரு கையால புடிச்ச மீனத்தான் துன்னுவேன்'னு அந்தோணியாருக்கு நேந்துக்கினு அம்மா தெனம் என் வாசல்ல வந்து குந்திக்கினு கீறாங்கோ, நீ இன்னாடான்னா அத்த மடியில போட்டுக் கொஞ்சிட்டு, தண்ணில வுட்டுட்டு, டாட்டா வேற காட்டற!"