புஸ்ஸு பாயும் ஓர் அரைப் பவுண்டும்

மனைவியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே தன் சொந்தக் காரில் தனியாகப் போகிற கணவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மேற்குத் தாம்பரத்தில், எங்கள் தெருமுனை வீட்டில் இருந்தார். இருவரும் ஒரே வாசலில் கிளம்பி ஒரே கல்யாண மண்டபத்துக்குப் போவார்கள். பெரும்பாலும் ஆட்டோ முதலில் போய்ச் சேரும்.

அவருக்கு முறையான பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில் தேடினால் கிடைக்கும். எங்களுக்கு அவர் புஸ்ஸு பாய். தெருவுக்குள் திரும்பும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். உடனே பானெட்டுக்கு அடியிலிருந்து, யானை பெருமூச்சு விட்டதுபோல் ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும். படுத்திருக்கும் நாய்கள் எழுந்து நின்று மரியாதை செய்யும்.

தாம்பரம் மார்க்கெட்டில் குக்கர், மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒருநாள் பழைய இரும்பும் கார் பாகமும் விற்கும் புதுப்பேட்டைக்குக் குக்கர் சாமான் வாங்கப் போனவர், ஏதோ வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். பதினெட்டு வயதான தன் வெள்ளைக் காரில் பெல்ட் போட்டு அதைப் பொருத்தியும்விட்டார். குக்கர் ரிப்பேர் செய்கிறவனுக்குப் பிரஷரைப் பற்றித் தெரியாதா என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் குக்கரில் உட்கார்ந்து யாரும் ஜி.எஸ்.டி. சாலையில் போவதில்லை.

சாதாரண இன்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். சூப்பர்சார்ஜர், பந்தியில் ‘இன்னும் ஒண்ணு’ என்று இலையில் வடையைத் தள்ளுகிற அத்தை மாதிரி. காற்றை அழுத்தித் திணிக்கும். அந்த அழுத்தத்துக்குப் பெயர்தான் பூஸ்ட். ‘போதும்’ என்று இலைக்கு மேல் கையை நீட்டுவது பைபாஸ் வால்வின் வேலை. ஓட்டுகிறவர் காலை எடுத்ததும் வால்வு திறந்து, மிச்சக் காற்றை வந்த வழியே சுற்றி அனுப்பிவிட வேண்டும். பாயின் காரில் அந்தக் கை எப்போதும் ஒரு நொடி தாமதமாகத்தான் நீளும். அதற்குள் இலையில் சாம்பார் விழுந்துவிடும்.

சாம்பார் என்றது ஒரு பேச்சுக்கு. உண்மையில் விழுந்தது பிரியாணிக்கு ஊற்றிக்கொள்ளும் தால்சா.

சூப்பர்சார்ஜர் பொருத்திய முதல் வாரம், பாய் தன் மனைவியைப் பொழிச்சலூரில் இருக்கும் அவர் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனார். மனைவியைத் தெருவே பாயம்மா என்று கூப்பிடும். பாயம்மா மடியில் ஒரு தேக்சாப் பாத்திரம் நிறைய தால்சா. பம்மல் தாண்டி ஒரு வேகத்தடை. பாய் காலை எடுத்தார். வால்வு யோசித்தது. யோசித்து முடிப்பதற்குள் கார் ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளியது. கத்தரிக்காய்த் துண்டு ஒன்று முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, பொழிச்சலூர் வரை வழி பார்த்துக்கொண்டே வந்ததாகப் பாயம்மா சொல்வார்.

இறங்கியதும் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு வந்தது. “இனிமே நீங்க உங்க மிஷின்ல வாங்க, நான் மனுசியா ஆட்டோல வரேன்.”

அதற்குப் பிறகு இரண்டு வருடம், ஆட்டோ முன்னால், பாய் பின்னால்.

இந்தக் கதைக்குள் நான் வந்து மாட்டிக்கொண்டது ஒரு பெட்ரோல் பங்க்கில். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் கிலோமீட்டரையும் லிட்டரையும் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வது என் வழக்கம். எனக்குப் பின்னால் நின்ற பாய் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் எழுதறீங்க?”

“கிலோமீட்டர்.”

“எவ்ளோ நாளா?”

“பதினாலு வருஷமா.”

“ஒரு தபா கூட வுட்டுப் போனதில்லியா?”

“இல்லை.”

மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்ட தகப்பனைப் போல அவர் என்னைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு கேட்டில் ஹாரன் கேட்டது.

வேலை எளிமையானது. வெளிவட்டச் சாலையில் வண்டலூர் பக்கம் போகும் ஆளில்லாத நேர்ச் சாலை. பாய் ஓட்டுவார். பூஸ்ட் மீட்டரை அவர் தனக்கு வலப்பக்கம், கண்ணாடியை ஒட்டிய தூணில் பொருத்தியிருந்தார். “ரோட்ட பாப்பனா, முள்ள பாப்பனா?” என்பது கேள்வி. ஆகவே இடது சீட்டில் உட்கார்ந்து முள்ளைப் பார்க்க நான். நான் பத்திகள் போட்டுக்கொண்டேன்: இன்ஜின் நிற்கையில் எவ்வளவு, முழுதாக மிதிக்கையில் எவ்வளவு, காலை எடுத்ததும் எத்தனை நொடியில் இறங்குகிறது, குலுக்கல் உண்டா இல்லையா. கடைசிப் பத்தியில் பெரும்பாலும் ‘உண்டு’. இரண்டு முறை ‘நாக்கைக் கடித்துக்கொண்டேன்’.

பழைய இன்ஜின் தாங்குவது ஏழு பவுண்டு பூஸ்ட்தான் என்று பாய் சொல்லியிருந்தார். முழு மிதியில் நான் ஒவ்வொரு வாரமும் எழுதியது ஏழரை. நோட்டைப் பார்த்த டீக்கடைக்காரர், “சார், இந்த பிரஷர் காருக்கா உங்களுக்கா?” என்று அனுதாபத்தோடு கேட்டார். பாய் மட்டும் அந்தப் பத்தியைப் பார்த்து “கரெக்டா கீது” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போவார். அரைப் பவுண்டு அதிகமாக இருப்பதை நான் விரல் வைத்துக் காட்டுவேன். “ஆமா சார், ஆமா சார்” என்பார். இவருக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டினேன்.

ஓட்டம் முடிந்ததும் வைத்தியம். பானெட்டைத் திறந்து, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையை வால்வின் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். அந்த நேரம் பார்த்து விமானப்படை நிலையத்திலிருந்து பயிற்சி விமானம் ஒன்று கிளம்பித் தலைக்கு மேல் போகும்.

“பாரு சார், நாம காது வெச்சா போதும், அவனுக்கு வேல வந்துடும்.”

வால்வின் ஸ்பிரிங்கை மட்டும் ஒன்பது முறை மாற்றினார். வால்வுக்குப் போகும் சின்னக் குழாயில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, மீன் தொட்டிக் குழாயில் இருக்குமே, அந்தப் பிளாஸ்டிக் திருகு நல்லது என்று கேள்விப்பட்டு வண்ணமீன் கடைக்குப் போனோம். கடைக்காரர் அக்கறையாக விசாரித்தார்.

“எத்தினி மீனு கீது பாய்?”

“மீனு இல்ல. நாலு சிலிண்டர் கீது.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

இப்படி நாற்பத்தொரு ஞாயிறு போனது. அப்போதுதான் பாயம்மாவின் தங்கை மகளுக்கு மறைமலை நகரில் நிக்காஹ் என்று செய்தி வந்தது. அந்த நாற்பத்தொன்றாவது ஞாயிறு எங்களுக்கு டீ கொண்டுவந்த பாயம்மா, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“சார், நீங்க சாட்சி. நிக்காஹ் அன்னிக்கு அதே தேக்சால தால்சா வெச்சிகினு இந்த வண்டில ஏறுவேன். மண்டபம் வரைக்கும் ஒரு சொட்டு சிந்தக் கூடாது. சிந்திச்சா அந்தக் காத்தடிக்கிற மிஷின நானே கழட்டி, வாங்கின கடைலயே எடைக்குப் போட்டுடுவேன்.”

“சிந்தலைன்னா?” என்றார் பாய்.

“சிந்தலைன்னா எதுக்கு ஆட்டோ?”

பாய் டீயைக் குடிக்கவே இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது வேகமோ சத்தமோ அல்ல, அந்த இடது சீட்டில் பாயம்மா திரும்பவும் வந்து உட்கார வேண்டும் என்பதுதான் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. எனக்கு எதுவும் நாற்பத்தொரு வாரம் கழித்துத்தான் உறைக்கும்.

அதற்கு அடுத்த ஞாயிறு, நிக்காஹுக்கு முந்தையது. இடப்பக்கக் கதவு திறக்க மறுத்தது. வலப்பக்கமாக ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். பாய் டீ வாங்கப் போயிருந்தார். பழக்கதோஷத்தில் நோட்டைத் திறந்து முதல் பத்திக்காக முள்ளைப் பார்த்தேன். பூஜ்யம்.

இத்தனை வாரமும் நான் எழுதியிருந்தது அரை. இன்ஜின் நிற்கும்போது, பானெட்டுக்கு அடியில் மூச்சு பேச்சு இல்லாதபோது, அரைப் பவுண்டு பூஸ்ட் இருப்பதாக அழகான கையெழுத்தில் நாற்பத்தொரு முறை எழுதியிருக்கிறேன். இடது சீட்டுக்கு நகர்ந்து பார்த்தேன். அரை. வலது சீட்டு. பூஜ்யம். முள் மீட்டரின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, சற்றுத் தள்ளி நிற்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு அது நகர்ந்துதான் தெரியும்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் மீட்டர்களைச் சரிபார்க்கிற பிரிவில் இருக்கிறேன். எங்கள் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது: ‘முள்ளை நேருக்கு நேர் நின்று பார்க்கவும்’. எழுதி மாட்டியது நான்.

டீயோடு திரும்பிய பாய், நான் இரண்டு சீட்டுக்கும் நடுவே நகர்ந்து நகர்ந்து உட்காருவதைப் பார்த்தபடி நின்றார்.

“பாய், ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. நான் எழுதினது எல்லாமே அரை பவுண்டு ஜாஸ்தி.”

“தெரியும் சார்.”

“எப்போதிலிருந்து?”

“ரெண்டாவது வாரத்துலேந்து. டீ எடுத்துக்கங்க, ஆறிடும்.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா இன்னா பண்ணுவீங்க? கழுத்த சாச்சிப் பாப்பீங்க. ஒரு வாரம் கால் ஜாஸ்தி வரும், ஒரு வாரம் முக்கால் கம்மி வரும். நீங்க பாட்டுக்கு ஒரே மாரி தப்பா எழுதிகினு இருந்தீங்க. நான் பாட்டுக்கு அரைய கழிச்சிகினு இருந்தேன். ஊர்ல தப்பு பண்றவன் ஆயிரம் பேர் கீறான் சார். தெனம் ஒரே தப்ப பண்றவன் எங்க கெடைப்பான்?”

இதற்கு நன்றி சொல்வதா, கோபித்துக்கொள்வதா என்று தெரியாமல் டீயைக் குடித்தேன்.

“ஒம்போது ஸ்பிரிங் மாத்தியும் முழு மிதில ஏழு மாறவே இல்ல. அப்ப திருடன் அங்க இல்ல,” என்றார் பாய், நோட்டைப் புரட்டியபடி. “கால எடுக்கறப்போதான் கீறான்.” பானெட்டைத் திறந்தார். வால்வுக்குப் போகிற சின்னக் குழாய், தேவைக்கு மேல் ஒரு முழம் நீளமாக வளைந்து கிடந்தது. காலை எடுத்த செய்தி அந்த வளைவையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வால்வுக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. குக்கர் கேஸ்கெட் அறுக்கிற கத்தியால் முழத்தை அறுத்து எறிந்தார். மீன் தொட்டித் திருகை இரண்டு சுற்று திறந்தார். ஓட்டிப் பார்த்தோம். கடைசிப் பத்தியில் முதன்முறையாக ‘இல்லை’ என்று எழுதினேன்.

நிக்காஹ் அன்று காலை, பாய் சரிசெய்து வைத்திருந்த இடப்பக்கக் கதவு வழியாக, பாயம்மா பட்டுச் சேலையில், மடியில் துண்டு கூட விரிக்காமல், தேக்சாவோடு இடது சீட்டில் ஏறினார். சாட்சி பின் சீட்டில். தால்சா விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. பெருங்களத்தூர் வரை பாயம்மா மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. வண்டலூர் தாண்டி ஒரு வேகத்தடை. பாய் காலை எடுத்தார். ‘புஸ்ஸ்’. வண்டி, தூங்குகிற குழந்தையை இடம் மாற்றுகிறவளைப் போல மெல்ல ஏறி இறங்கியது. பாயம்மா மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினார். அதற்கப்புறம் பாய்க்குக் கால் சும்மா இருக்கவில்லை. காலியான சாலையில் ஒருமுறை முழுதாக மிதித்தார்.

“ஏங்க, அந்த முள்ளு ஏழரைல கீது,” என்றார் பாயம்மா.

“அரையைக் கழிச்சுக்குங்க,” என்றேன் பின்னாலிருந்து.

மண்டப வாசலில் தேக்சாவைத் தங்கையிடம் கொடுத்த பாயம்மா, தன் சேலையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். “எறங்குங்க, இன்னா உக்காந்துகினு கீறீங்க,” என்றார். பாய் இறங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

இனி இடது சீட்டில் எனக்கு வேலை இல்லை என்று நோட்டை அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஹாரன் கேட்டது.

“அதான் சரியாயிடுச்சே, பாய்?”

“சரியாத்தான் கீது. இருந்தாலும் சும்மா ஒருக்கா பாத்துடலாமே சார்.”

நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தார். உட்கார்ந்தேன். பாய் முள்ளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தைச் சாய்க்காமல் நான் முள்ளை ஒருமுறை பார்த்தேன். ‘இன்ஜின் நிற்கையில்: அரை’ என்று எழுதினேன்.